ஃப்ரீசர்ல 'கேஸ் தீர்ந்துடுச்சா'? அது தீரவே தீராதே... அப்போ எங்கே போகுது?

வெயில் காலம் வந்தாலே ஐஸ்கிரீம் கடை, மீன் கடை, கறிக்கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. டீப் ஃப்ரீசர் எப்போது காலை வாரும் என்று தெரியாது. ஒருநாள் உள்ளே இருக்கும் சரக்கு இளக ஆரம்பிக்கும். மெக்கானிக் வருவார், பின்பக்கம் கையை வைத்துப் பார்ப்பார், "கேஸ் தீர்ந்துடுச்சுண்ணே, ஃபில் பண்ணணும்" என்பார். சிலிண்டரை மாட்டி, கேஸ் ஏற்றி, பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஃப்ரீசரும் மறுபடி கூலாகும். அடுத்த வருடம் மறுபடியும் அதே மெக்கானிக், அதே வசனம்.

இந்த 'தீர்ந்துடுச்சு' என்ற வார்த்தையில்தான் சிக்கலே இருக்கிறது. ஃப்ரீசருக்குள் இருக்கும் கேஸ், அடுப்பு சிலிண்டரில் இருப்பதுபோல எரிந்து தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவதுதான் அதன் வேலை. குழாய் ஒழுங்காக இருந்தால் பத்து வருடம் கழித்தும் அதே அளவு கேஸ் உள்ளே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அது வழியாக கேஸ் காற்றில் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

போனால் போகட்டும், கொஞ்சம் கேஸ்தானே என்கிறீர்களா? கடை ஃப்ரீசர்களில் நிறைய பயன்படும் ஆர்-404ஏ என்ற கேஸை எடுத்துக்கொள்வோம். அதில் 1 கிலோ காற்றில் கலந்தால், 3,922 கிலோ கார்பன் டை ஆக்சைடு கலந்ததற்குச் சமமாக பூமியைச் சூடாக்கும். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அந்தக் கணக்கில் பார்த்தால் இது 1,700 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் பைக்கில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு 60 தடவை போய்விட்டுத் திரும்பலாம். ஒரே ஒரு கிலோவுக்கு இவ்வளவு!

அந்த கேஸுக்கு உள்ளே என்ன வேலை?

ஸ்பிரிட்டை கையில் தடவினால் ஜில்லென்று இருக்கும் இல்லையா? திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், ஏ.சி. எல்லாமே இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் ஓடுகின்றன.

ஆர்-404ஏ மைனஸ் 46 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஃப்ரீசரின் உள்பக்கக் குழாய்களில் அது ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் ஐஸ்கிரீமின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்கி பின்பக்கம் அனுப்புகிறது. அங்கே கன்டென்சர் காயிலில் வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு மெல்லிய குழாய் வழியாகப் பாய்ந்து, அழுத்தம் குறைந்து, மறுபடி உள்ளே போய் ஆவியாகிறது. ஃப்ரீசருக்குப் பின்னால் நின்றால் அனல் அடிப்பது இதனால்தான். உள்ளே இருந்த சூடு வெளியே வருகிறது, அவ்வளவுதான் மேட்டர்.

இப்படி வெப்பத்தைச் சுமந்து போகும் பொருளுக்குப் பெயர் குளிர்பதனி. நம் ஊரில் எல்லோருக்கும் அது 'கேஸ்'.

ஒரு பிரச்னையைத் தீர்க்கப் போய்...

குளிர்பதனிகளின் வரலாறே ஒரு பிரச்னையைத் தீர்க்கப் போய் இன்னொன்றில் மாட்டிக்கொண்ட கதைதான். 1920-கள் வரை ஃப்ரிட்ஜில் இருந்தவை அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்றவை. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்குள் வைக்கவே மக்கள் பயந்தார்கள்.

1928-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி என்ற வேதியியலாளரும் அவரது குழுவும் இதற்குப் பதிலாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் சி.எஃப்.சி. எனப்படும் குளோரோஃப்ளோரோ கார்பன். விஷமில்லை, தீப்பிடிக்காது, வாசனையும் பெரிதாக இல்லை. 1930-ல் ஒரு அறிவியல் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த கேஸை மூச்சில் இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். ஒரே மூச்சில் இரண்டும் நிரூபணம்! (பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையைக் கொடுத்தவரும் இதே மிட்ஜ்லிதான். மனிதருக்கு ராசி அப்படி.)

சுமார் நாற்பது வருடம் உலகமே அதைக் கொண்டாடியது. 1974-ல் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள், இந்த கேஸ் அழியாமல் வானத்தின் உயரத்துக்குப் போய், அங்கே புற ஊதாக்கதிர் பட்டு உடைந்து, வெளிப்படும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று எச்சரித்தார்கள். ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடியது. 1985-ல் அண்டார்டிகா மேல் ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்திருப்பதை பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் உறுதி செய்தார்கள். இரண்டே வருடத்தில், 1987 செப்டம்பர் 16 அன்று, மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

உலக நாடுகள் போட்ட ஒப்பந்தங்களில் உண்மையிலேயே வேலை செய்த ஒப்பந்தம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்லலாம். அண்டார்டிகா ஓட்டை 2066 வாக்கில் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவு பெற்ற விஞ்ஞானிகள் குழு 2023 ஜனவரியில் சொன்னது.

சரி, சி.எஃப்.சி. போனதும் அந்த இடத்துக்கு யார் வந்தார்கள்? முதலில் ஆர்-22 போன்ற எச்.சி.எஃப்.சி. வகை. ஓசோனுக்குக் கெடுதல் குறைவு, ஆனால் பூஜ்ஜியம் இல்லை. அதற்கடுத்து எச்.எஃப்.சி. வகை. ஆர்-134ஏ, ஆர்-404ஏ எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவற்றில் குளோரினே கிடையாது, ஓசோனுக்கு ஆபத்தில்லை. அப்பாடா என்று மூச்சு விடும்போதுதான் அடுத்தது தெரிந்தது. இவை பூமியைச் சூடாக்குவதில் கில்லாடிகள்.

காரணம் இதுதான். பூமி தன் சூட்டை அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்கு அனுப்புகிறது. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அதில் ஒரு பகுதியைத் தடுத்தாலும், சில அலைநீளங்களில் ஜன்னல் திறந்தே இருக்கும். கார்பனும் ஃப்ளோரினும் சேர்ந்த பிணைப்பு சரியாக அந்த ஜன்னலில் போய் அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் கொஞ்சூண்டு கேஸுக்கு இவ்வளவு பெரிய விளைவு.

வீட்டு ஃப்ரிட்ஜை விட கடை ஃப்ரீசர் ஏன் மோசம்?

இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் இருக்கிறது. அதுவும் 100 கிராமுக்குள்தான். குழாய்கள் தொழிற்சாலையிலேயே வெல்டு செய்து மூடப்பட்டு வரும். வாங்கியவர் அதைத் தொடுவதே இல்லை.

பெரிய சூப்பர் மார்க்கெட் கதை வேறு. கம்ப்ரஸர் ஒரு அறையில் இருக்கும், பால், தயிர், உறைய வைத்த சிக்கன் எல்லாம் இன்னொரு மூலையில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். நடுவில் நீள நீளமாக செப்புக் குழாய். அந்தக் குழாயை இணைப்பது கடை இருக்கும் இடத்திலேயே, ஆட்கள் கையால். ஒவ்வொரு இணைப்பும் ஒரு ஓட்டைக்கான வாய்ப்பு. கம்ப்ரஸர் ஓட ஓட அதிர்வு, ஐஸ் கரைக்க ஹீட்டர் போட்டால் சூடு, மறுபடி குளிர். நட்டு தளரும், பைப்பில் கீறல் விழும்.

அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை போட்ட கணக்கு இது: அங்குள்ள ஒரு சராசரி சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பதன அமைப்பில் 1,600 கிலோ அளவுக்கு கேஸ் இருக்கும், அதில் வருடத்துக்கு சுமார் 25 சதவீதம் கசிந்துவிடும். அதாவது 400 கிலோ. அது ஆர்-404ஏ-வாக இருந்தால் 1,500 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரே ஒரு கடை, ஒரே வருடம்!

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலானவை அவ்வளவு பெரிதில்லை. பிளக்கில் மாட்டும் ஃப்ரீசர், கூல்டிரிங்க்ஸ் வைக்கும் விசி கூலர், கறிக்கடையில் சின்ன குளிர் அறை. ஒவ்வொன்றிலும் இருக்கும் கேஸ் குறைவு. ஆனால் எண்ணிக்கை அதிகம், சர்வீஸ் முறையும் தளர்வு. ஓட்டையை அடைக்காமல் 'டாப்-அப்' செய்தால், இன்று ஏற்றிய கேஸும் சில மாதத்தில் அதே வழியாகப் போகும். கடைக்காரர் காசு கொடுத்து வாங்கி காற்றுக்குத் தானம் செய்கிற மாதிரிதான்.

இன்னொரு பெரிய ஓட்டை காயலான் கடை. பழைய ஃப்ரீசரை எடைக்குப் போட்டால், முதல் வேலையாக செப்புக் குழாயை வெட்டுவார்கள். உள்ளே மிச்சம் இருந்த கேஸ் மொத்தமும் 'புஸ்ஸ்' என்று போய்விடும். அதை உறிஞ்சி சிலிண்டரில் சேமிக்க ரெக்கவரி மெஷின் என்று ஒன்று இருக்கிறது. எத்தனை காயலான் கடையில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்?

2028-ல் என்ன ஆகும்?

2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் கூடி, மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குள்ளேயே எச்.எஃப்.சி.யையும் கொண்டு வந்தன. இந்தக் கிகாலி திருத்தம் முழுதாக நடந்தால் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் 0.5 டிகிரி வரை வெப்பநிலை உயர்வைத் தவிர்க்கலாம் என்பது கணிப்பு. 0.5 டிகிரி சின்னதாகத் தெரியலாம். உலகம் மொத்தமாக 1.5 டிகிரி எல்லைக்காகத்தான் இவ்வளவு போராடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

இந்தியா 2021-ல் இதை ஏற்றுக்கொண்டது. நமக்கு விதிக்கப்பட்ட கால அட்டவணை மற்ற பல நாடுகளைவிட தாமதமானது. 2028-ல் எச்.எஃப்.சி. பயன்பாட்டுக்கு உச்சவரம்பு. அதிலிருந்து 2032-ல் 10 சதவீதம், 2037-ல் 20, 2042-ல் 30 சதவீதம் குறைக்க வேண்டும். 2047-ல் ஒரே தாவாக 85 சதவீதம். பழைய ஆர்-22 கதை அதற்கு முன்பே முடிகிறது: 2024 முடிவுக்குப் பிறகு புதிய கருவிகளில் எச்.சி.எஃப்.சி. வகை கேஸ் கூடாது என்பதும், 2030-க்குள் அதை மொத்தமாக ஒழித்துக்கட்டுவதும் அரசின் திட்டம்.

கடைக்காரருக்கு இதில் என்ன கவலை? ஒரு ஃப்ரீசரை வாங்கினால் 10, 15 வருடம் ஓட்டுவோம். இன்று ஆர்-404ஏ ஃப்ரீசர் வாங்கினால் அதன் ஆயுள் 2028-ஐயும் 2032-ஐயும் தாண்டும். ஐரோப்பாவில் கட்டுப்பாடு இறுகியபோது, 2017, 2018 வாக்கில் ஆர்-404ஏ விலை பல மடங்கு எகிறியது. பின்னாலேயே கள்ளச் சந்தையும் வந்தது. இங்கேயும் அதே அளவு ஏறும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சப்ளை குறையும் பொருளின் விலை எந்தப் பக்கம் போகும் என்பதைக் கடைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விலை ஏறினால் போலியும் வரும். 2011-ல் போலி ஆர்-134ஏ-வில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது குளிர்பதன கன்டெய்னர்களின் கம்ப்ரஸரில் இருந்த அலுமினியத்தோடு வினைபுரிந்து வெடித்தது. வியட்நாமிலும் பிரேசிலிலும் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 1920-களில் பயந்து ஒதுக்கிய அதே மெத்தில் குளோரைடு.

அப்போ மாற்று என்ன?

பழைய ஆட்களே திரும்பி வருகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

கடை ஃப்ரீசர்களுக்கு இப்போது முன்னணியில் இருப்பது ஆர்-290. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அது புரொப்பேன். அடுப்பு கேஸில் இருக்கும் அதே புரொப்பேன்தான், ஆனால் சுத்திகரித்தது. பூமியைச் சூடாக்கும் திறன் வெறும் 3. ஆர்-404ஏ-வின் 3,922-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்சாரமும் கொஞ்சம் மிச்சம். 'ஐயோ, தீப்பிடிக்குமே!' என்ற பயம் நியாயமானது. அதனால்தான் நீண்ட காலம் ஒரு பெட்டிக்கு 150 கிராம் மட்டும் என்று சர்வதேசத் தரவிதி இருந்தது. நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ, அதில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்குதான் இது. 2019-ல் அந்த வரம்பு, கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு, சுமார் 500 கிராம் வரை உயர்த்தப்பட்டது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆர்-290 என்று வடிவமைத்த ஃப்ரீசரில்தான் அது பாதுகாப்பு. பழைய ஆர்-22, ஆர்-134ஏ பெட்டியில் 'இதுவும் கேஸ்தானே, விலையும் கம்மி' என்று புரொப்பேனையோ சமையல் கேஸையோ ஏற்றுவது விபரீதம். அந்தப் பெட்டியின் சுவிட்ச், தெர்மோஸ்டாட் எதுவும் தீப்பொறி வராத மாதிரி செய்யப்பட்டதில்லை.

அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. ஆமாம், வில்லனே ஹீரோவாகிறார். ஆர்-744 என்று இதற்குப் பெயர், வெப்பமாக்கும் திறன் 1. ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. நமக்கு இடிக்கும் இடம் வெயில். 31 டிகிரிக்கு மேல் போனால் எவ்வளவு அழுத்தினாலும் கார்பன் டை ஆக்சைடு திரவமாகாது. சென்னை மே மாதத்தில் 31 டிகிரி என்பது விடியற்காலைதான்! அந்தச் சூட்டில் அமைப்பை ஓட்ட 90 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பதைப்போல 40 மடங்கு. கரண்ட் செலவும் ஏறும். எஜெக்டர் போன்ற கருவிகளால் இதைச் சமாளிக்க முடிகிறது, ஆனால் முதல் செலவு அதிகம். தெருமுனைக் கடைக்கு இது சரிப்படாது.

மூன்றாவது, எங்கேயும் போகாமல் இங்கேயே இருந்தவர்: அமோனியா. மீன்பிடித் துறைமுகங்களைச் சுற்றியுள்ள ஐஸ் ஃபேக்டரிகளும் பெரிய குளிர்பதனக் கிடங்குகளும் பல தலைமுறையாக அமோனியாவில்தான் ஓடுகின்றன. ஓசோனுக்கும் கெடுதல் இல்லை, வெப்பமாக்கும் திறனும் பூஜ்ஜியம். வானத்துக்கு நல்லது. பக்கத்தில் நிற்கும் மனிதருக்குத்தான் ஆபத்து. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதப்படுத்தும் ஆலையில் அமோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 'சுற்றுச்சூழலுக்கு நல்லது' என்ற ஒரு வரியோடு அமோனியாவைப் பாராட்டிவிட்டுப் போவது, அந்தத் தொழிலாளர்களை கணக்கிலேயே எடுக்காதது மாதிரி. சென்சார், காற்றோட்டம், முகமூடி, தப்பிக்கும் வழி, பயிற்சி எல்லாம் இருந்தால்தான் அது நல்ல கேஸ்.

எச்.எஃப்.ஓ. என்று நான்காவதாக ஒரு வகையும் சந்தையில் தள்ளப்படுகிறது. காற்றில் சில நாட்களிலேயே சிதைந்துவிடும் என்பது பிளஸ். சிதையும்போது அவற்றில் சில, தண்ணீரில் தங்கிவிடும் ட்ரைஃப்ளோரோ அசிட்டிக் அமிலமாக மாறுகின்றன என்பது மைனஸ். சி.எஃப்.சி. கதையைப் பார்த்தவர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதில் தப்பில்லை.

நாளைக்கு மெக்கானிக் வந்தால் என்ன கேட்பது?

புது ஃப்ரீசர் வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இருப்பதிலேயே செய்யக்கூடியது நிறைய. "கேஸ் கம்மி" என்று சொன்னால், "எங்கே லீக்?" என்று கேளுங்கள். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் சுற்றி வரும். அதனால் ஓட்டை உள்ள இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். முறையான வேலை என்றால் மிச்ச கேஸை ரெக்கவரி மெஷினில் எடுத்து, ஓட்டையை அடைத்து, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோதித்து, வேக்கம் போட்டு, பிறகு பெட்டியில் எழுதியிருக்கும் கிராம் கணக்குப்படி தராசில் வைத்து கேஸ் ஏற்ற வேண்டும். கை மதிப்பில் ஏற்றுவது கூடாது. இதற்கு நேரமும் ஆகும், கூலியும் கூடும். அந்தக் கூடுதல் கூலிக்குப் பேரம் பேசும் கடைக்காரருக்கும் கசிவில் பங்கு உண்டு, மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு லட்சம் குளிர்சாதன டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி என்று 2019-ல் வந்த இந்திய குளிர்விப்பு செயல்திட்டம் இலக்கு வைத்ததும் இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

கசிவை அடைத்தால் கரண்ட் பில்லிலும் தெரியும். கேஸ் குறைந்த ஃப்ரீசரில் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், சீக்கிரம் சூடாகி எரிந்தும் போகும். கன்டென்சர் காயிலில் தூசி அடைந்தாலும், கதவு ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே கதைதான்.

ஆர்-404ஏ-வுக்கு வாசனை கிடையாது, நிறமும் கிடையாது, காற்றைவிடக் கனம். அடைத்த குளிர் அறையில் நிறையக் கசிந்தால் தரையோடு தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும், மூச்சு முட்டும். கசிவு சந்தேகம் இருந்தால் முதலில் கதவைத் திறந்து வையுங்கள்.

கடைசியாக, உங்கள் ஃப்ரீசரின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒருமுறை பாருங்கள். கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அதில் இருக்கும். அதை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த தடவை எவ்வளவு கேஸ் ஏற்றினார் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்டிக்கரில் ஆர்-290 என்றும், மஞ்சள் முக்கோணத்தில் தீ படமும் இருந்தால், கேஸை வெளியேற்றாமல் யாரையும் அந்தக் குழாய் பக்கம் டார்ச்சோடு போக விடாதீர்கள்.